எட்டடி இடைவெளி: தந்திக்கம்பியும் மின்கம்பியும் ஒரே வானத்தைப் பங்கிட்ட வரலாறு

உயர் அழுத்த மின்தடம் ஒன்று மற்றொரு மின்தடத்தைக் குறுக்கே கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய குறைந்தபட்ச இடைவெளியை 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் அட்டவணையாகத் தந்தன. 66 கிலோவோல்ட் வரை 2.44 மீட்டர், 132 கிலோவோல்ட்டுக்கு 3.05, 220க்கு 4.58, 400க்கு 5.49. கீழே செல்வது தொலைத்தொடர்புக் கம்பியாக இருந்தால் நடைமுறைக் கையேடுகள் 66 கிலோவோல்ட்டுக்கு 2.44, 132க்கு 2.75, 220க்கு 3.05 மீட்டர் என்கின்றன. மீட்டரில் சிந்திக்கும் பொறியாளர் எவரும் இப்படிப்பட்ட எண்களைத் தேர்ந்தெடுக்கமாட்டார். இரண்டரை என்றோ மூன்று என்றோதான் எழுதுவார்.

அடியில் மாற்றிப் பார்த்தால் புதிர் அவிழ்கிறது. 2.44 என்பது எட்டடி. 2.75 ஒன்பதடி, 3.05 பத்தடி, 4.58 பதினைந்தடி, 5.49 பதினெட்டடி. (பதினைந்தடியைச் சரியாகப் பெருக்கினால் 4.57தான் வரும்; யாரோ ஓர் எழுத்தர் பாதுகாப்பின் பக்கம் சாய்ந்து ஒரு சென்டிமீட்டர் கூட்டியிருக்கிறார் போலும்.) தெருவைக் குறுக்கே கடக்கும் உயர் அழுத்தக் கம்பிக்கு விதிக்கப்பட்ட 6.1 மீட்டர் உயரம் இருபதடி. தாழ்வழுத்தக் கம்பிக்கான 5.8 மீட்டர் பத்தொன்பதடி. 33 கிலோவோல்ட் கூடும்போதெல்லாம் தரையிலிருந்து 0.3 மீட்டர் கூட்டுக என்னும் விதியும் ஓர் அடி கூட்டுக என்பதே. எடை, அளவுச் சட்டம் 1956இல் நிறைவேறி, மெட்ரிக் முறை 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அளவுகோல் மாறியது, அளவு மாறவில்லை. 400 கிலோவோல்ட் தடங்கள் இந்தியாவில் எழுந்ததே 1970களின் பிற்பகுதியில்தான். ஆயினும் அவற்றுக்கான எண்ணும் பதினெட்டடியாகவே அமைந்தது, அலுவலகப் பழக்கத்தின் ஆயுளுக்குச் சான்று.

இந்த அடிக்கணக்கின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது. இந்திய வானத்தில் முதலில் குடியேறிய கம்பி மின்விளக்குக்கானது அன்று, தந்திக்கானது. வங்காளப் படையில் அறுவை மருத்துவராயிருந்த வில்லியம் புரூக் ஓஷாக்னெசி 1839இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அருகே மூங்கில்களில் கம்பி கட்டிச் சோதனை நடத்தினார். 1851இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடியது. ஆக்ரா, பம்பாய், சென்னை என்று தடங்கள் நீண்டு, 1855 பிப்ரவரியில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆட்சியாளர்களின் கண்ணில் அந்தக் கம்பி வெறும் கம்பியாக இருக்கவில்லை, அரசின் நரம்பாகிவிட்டது.

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தை இந்த மனநிலையோடு வாசிக்கவேண்டும். எவருடைய நிலத்தின் மேலும், குறுக்கும், நெடுக்கும், அடியிலும் தந்தித் தடம் அமைக்கவும் கம்பம் நடவும் அச்சட்டம் தந்தி அதிகாரிக்கு உரிமை தந்தது. நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, உடைமையாளரின் இசைவும் தேவையில்லை, சேதத்துக்கு இழப்பீடு உண்டு. தடுப்பவரை மாவட்ட மாஜிஸ்திரேட் அடக்குவார். அரசுக்குச் செய்தி விரைந்து போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் முதற்கவலை.

மின்சாரம் பின்னால் வந்தது. டார்ஜிலிங்கின் சித்ராபோங்கில் 1897 நவம்பரில் 130 கிலோவாட் திறனுள்ள சிறு நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1899இல் கல்கத்தாவின் இமாம்பாக் சந்தில் அனல்மின் நிலையம். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளத் தடத்தில் மின்சாரம் சென்றது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று. முப்பதாயிரம் வோல்ட் ஏறிய கம்பி மைசூர் சமவெளியில் கம்பம் கம்பமாகச் சென்றபோது, தந்திக் கம்பங்கள் அரை நூற்றாண்டாக நாட்டில் வேரூன்றி நின்றன. யார் யாருக்கு வழிவிடுவது என்ற கேள்வி இங்கே பிறக்கிறது.

நகரங்களில் அக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 1882 சனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. தொலைபேசிக் கம்பிகள் தெருவுக்கு மேலே ஓடின. பின்னர் டிராம் வந்தது. சென்னை 1895இல் தன் மின்டிராமை நிலத்தடிக் காடிவழி மின்சாரத்தால் ஓட்டிப் பார்த்தது. மழைநீர் அந்த ஏற்பாட்டை வாழவிடவில்லை. மின்கம்பி தலைக்கு மேலே ஏறிற்று. கல்கத்தாவில் 1902இலும் பம்பாயில் 1907இலும் மின்டிராம்கள் ஓடத் தொடங்கின. டிராம் கம்பி தாழ்வானது, காப்புறை அற்றது, ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் சுமந்தது. அதற்கு மேலே மெல்லிய தொலைபேசிக் கம்பி. புயலில் தொலைபேசிக் கம்பி அறுந்து டிராம் கம்பிமீது விழுந்தால் ஒரு முனை தெருவில் நடப்பவர்மீதும் மறுமுனை தொலைபேசி நிலையத்திலும் இருக்கும். பிரிட்டனில் வர்த்தக வாரியம் டிராம் கம்பிக்கு மேலே காப்புக் கம்பிகள் கட்டவேண்டும் என்று விதித்ததற்குக் காரணம் இதுவே.

விபத்து மட்டுமன்றி இரைச்சலும் சிக்கலாயிற்று. தொடக்ககாலத் தந்தியும் தொலைபேசியும் ஒற்றைக் கம்பியில் இயங்கின. சுற்றை நிலமே நிறைவுசெய்தது. டிராமின் மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்பும்போது அதில் ஒரு பங்கு மண்ணில் கசிந்து அதே நிலத்தைப் பயன்படுத்திய தொலைபேசியில் உறுமலாகக் கேட்டது. உலகெங்கும் தொலைபேசி நிறுவனங்கள் ஒற்றைக் கம்பியைக் கைவிட்டு இரட்டைக் கம்பிக்கு மாற நேர்ந்ததில் மின்டிராமுக்குப் பெரும்பங்கு உண்டு.

1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் இந்த இரு கவலைகளையும் அறிந்திருந்தது. ஆனால் அதன் 32ஆம் பிரிவு எழுதப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. மின்தடம் அமைப்பவர், தூண்டலாலோ வேறு வகையாலோ தந்தி, தொலைபேசி, சமிக்ஞைக் கம்பிகளின் இயக்கம் கெடாதவாறு தக்க முன்னெச்சரிக்கைகளை எடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். அங்கே காக்கப்படுவது கம்பியின் இயக்கம், அதாவது செய்தி. கம்பியின் அடியில் நடக்கும் மனிதனுக்கு வேறு பிரிவுகளும் விதிகளும் உண்டு என்பது உண்மையே. எனினும் இருவகைக் கம்பிகளுக்கும் இடையிலான உறவைச் சட்டம் முதலில் வகுத்தபோது, தந்தித் துறையின் நலனே தராசின் ஒரு தட்டை நிரப்பியது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் 160ஆம் பிரிவாக அதே ஏற்பாடு ஏறத்தாழ அதே நடையில் தொடர்கிறது.

அதே 1910 சட்டத்தின் 51ஆம் பிரிவு மற்றொன்றையும் செய்தது. தந்தி அதிகாரிக்கு 1885 சட்டம் தந்திருந்த நிலவழி உரிமைகளை மின்சார உரிமதாரருக்கும் அரசு வழங்கலாம் என்றது. போட்டியாளனின் வாளையே இரவல் வாங்கி மின்தடம் நாட்டுக்குள் நுழைந்தது. வயலின் நடுவே உயர் அழுத்தக் கோபுரம் எழும்போது உழவர் எதிர்கொள்வது இன்றும் இந்தத் தந்திச் சட்டத்தின் நிழலைத்தான்.

இனி இடைவெளியின் தர்க்கத்தைப் பார்க்கலாம். இரண்டும் குறுக்கிடும்போது மின்கம்பி மேலே, தொடர்புக் கம்பி கீழே என்பது பொதுவிதி. தடித்த, வலிவான, இறுக்கமாகக் கட்டப்பட்ட கம்பி மேலே இருந்தால் அறுந்து விழும் வாய்ப்புக் குறைவு; தொலைபேசிப் பணியாளர் கம்பம் ஏறும்போது மின்கம்பியைத் தாண்டவேண்டியதில்லை. குறுக்கிடும் கோணம் செங்கோணத்துக்கு இயன்றவரை நெருங்கியிருக்கவேண்டும். மிகக் கடினமான இடங்களில் மட்டும் முப்பது பாகை வரை விலகலாம். அருகருகே நெடுந்தொலைவு ஓடுவதைவிடச் சட்டென்று வெட்டிக் கடப்பதே இருவருக்கும் நல்லது.

எட்டடி என்பது எந்த நேரத்து எட்டடி என்பதும் முக்கியம். கோடை நண்பகலில், காற்றில்லா வேளையில், முழுச் சுமையேறிய கம்பி நீண்டு தொய்கிறது. மார்கழி விடியலில் அதே கம்பி விறைத்து மேலேறுகிறது. மேற்கம்பி மிகத் தாழ்ந்தும் கீழ்க்கம்பி மிக உயர்ந்தும் இருக்கும் மோசமான தருணத்திலும் இடைவெளி குறையக்கூடாது. அளவுநாடாவைக் குளிர்காலத்தில் பிடித்துச் சரிபார்த்துவிட்டுப் போகும் மேற்பார்வையாளருக்கு மே மாதம் வேறு கணக்குச் சொல்லும்.

இடைவெளி போதாத இடத்தில் வலை வந்தது. மின்கம்பிக்கு அடியில் தொட்டில் போலப் பின்னி, நிலத்தோடு இணைக்கப்பட்ட இரும்புக் கம்பிகளுக்கு ‘கிராடில் கார்டு’ என்று பெயர். அறுந்த கம்பியை ஏந்திப் பிடிப்பது மட்டும் அதன் வேலையன்று. நிலத்தோடு இணைந்த வலையைத் தொட்ட கணத்தில் பெருமின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் உருகவேண்டும் அல்லது துணைமின்நிலையத்தில் இணைப்பு துண்டிக்கப்படவேண்டும். வலையின் நில இணைப்பு துருப்பிடித்து அறுந்திருந்தால் அந்தத் தொட்டிலே மின்னேறிய வலையாகிவிடும். தெருவுக்கு மேலே செல்லும் மின்தடம் அறுந்தால் அது தீங்கற்றதாகும்படி காப்புக் கருவி இருக்கவேண்டும் என்று 1956 விதிகளின் 91ஆம் விதி கூறியது. 87ஆம் விதி குறுக்கீட்டைப் பற்றியது. தந்தித் தடமாயினும் மின்தடமாயினும் எது பின்னால் வருகிறதோ அதன் உடைமையாளரே காப்பை அமைக்கவேண்டும். ஒரு மாதத்துக்கு முன்னரே மற்றவருக்கு அறிவிப்புத் தரவேண்டும். முந்தியவருக்கு முதலுரிமை, பிந்தியவருக்குச் செலவு. நியாயமான விதிதான். தந்தியே எங்கும் முந்தியிருந்ததால் நடைமுறையில் செலவு பெரும்பாலும் மின்சாரத்தின் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

விடுதலைக்குப் பின் பெரிய அணைகளும் நீண்ட தடங்களும் எழுந்தபோது எட்டடி போதாத ஒரு சிக்கல் வெளிப்பட்டது. மின்தடத்தில் பழுது ஏற்பட்டு நிலத்துக்குப் பெருமின்னோட்டம் பாயும் நொடியில், கிலோமீட்டர் கணக்கில் அதற்கு இணையாகச் செல்லும் தொலைபேசிக் கம்பியில், எதையும் தொடாமலே நூற்றுக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். இதை முறையாகக் கணக்கிடும் வழியை அமெரிக்காவில் ஜான் கார்சனும் ஜெர்மானிய மொழியில் போலாசெக்கும் 1926இல் தனித்தனியே வெளியிட்டிருந்தனர். இந்தியாவில் இதற்கென மின்சார–தொலைத்தொடர்பு ஒருங்கிணைப்புக் குழு 1949இல் அமைந்தது. இரு துறைப் பொறியாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, புதிய தடத்தின் வரைபடத்தில் அருகிலுள்ள தொலைபேசித் தடங்களைக் குறித்து, தூண்டல் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டு வழித்தட ஒப்புதல் தருவர். பன்னாட்டுத் தந்தி, தொலைபேசி ஆலோசனைக் குழுவின் வரம்பே இங்கும் வரம்பு: பொதுவாக 430 வோல்ட், பழுதை நொடியின் ஒரு சிறு பங்கில் துண்டிக்கும் நம்பகமான தடங்களுக்கு 650 வோல்ட். மிஞ்சினால் தொலைபேசிக் கம்பியில் வாயு மின்னிறக்கக் குழாய்கள் பொருத்தவேண்டும்.

இக்கணக்கில் மண்ணுக்கும் இடமுண்டு. ஈரமும் உப்பும் கலந்த கங்கைச் சமவெளியின் வண்டல் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். திரும்பும் மின்னோட்டம் மேலடுக்கிலேயே நின்று தூண்டலை ஓரளவு தணிக்கும். தக்காணத்தின் கருங்கல் நிலம் கடத்துவதில்லை. மின்னோட்டம் ஆழத்தில் பரவித் திரும்புகிறது. தொலைவிலுள்ள கம்பியும் பாதிக்கப்படுகிறது. ஆகவே ஒரே மின்னழுத்தத் தடத்துக்கு பீகாரில் தேவைப்படும் விலகலும் தெலங்கானாவில் தேவைப்படும் விலகலும் ஒன்றல்ல. நான்கு இரும்பு முளைகளை வரிசையாக நட்டு மண்ணின் மின்தடையை அளக்கும் பணி, இந்த வரலாற்றில் பேசப்படாத உழைப்புகளுள் ஒன்று.

ரயில்வேயின் அனுபவம் தனி. 1925இல் பம்பாயிலும் 1931இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்திலும் ஓடிய மின்ரயில்கள் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கின. 1957இல் இந்திய ரயில்வே 25 கிலோவோல்ட் மாறுமின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தது. தண்டவாளத்தை ஒட்டி நூறாண்டாக நின்ற தந்திக் கம்பங்களுக்கு அம்முடிவு மரண ஓலை. மாறுமின்னோட்டம் பழுதின்போது மட்டுமன்றி வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அருகிலுள்ள கம்பிகளில் மின்னழுத்தத்தைத் தூண்டியது. தடம் மின்மயமாகும் இடமெல்லாம் கம்பிகள் நிலத்தடி வடங்களாயின. மின்சாரமும் செய்தியும் மேலே கூடி வாழ முடியாதபோது செய்தி மண்ணுக்குள் இறங்கியது.

இதுவரையிலான ஏற்பாடு முழுவதும் ஓர் எண்ணத்தின்மேல் நிற்கிறது: வானத்தில் இரண்டே உடைமையாளர்கள், இருவருக்கும் அலுவலகம் உண்டு, முகவரி உண்டு, பதிவேடு உண்டு. 1991இல் வளைகுடாப் போர்க் காட்சிகளோடு பரவத் தொடங்கிய கேபிள் தொலைக்காட்சி இந்த எண்ணத்தைத் தகர்த்தது. மாடியிலிருந்து மாடிக்கும், மாடியிலிருந்து மின்கம்பத்துக்கும் வடம் தாவியது. ஒரு மாத முன்னறிவிப்பு தருவதற்கு அவர்களிடம் அஞ்சல் தாளும் இல்லை. பெற்றுக்கொள்வதற்கு எதிர்ப்புறத்தில் ஆளும் இல்லை. கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995இல் வருவதற்குள் தெருக்கள் பின்னப்பட்டுவிட்டன. ‘பின்னால் வருபவர் காப்பு அமைக்கவேண்டும்’ என்னும் விதியில் இப்போது பின்னால் வந்தவர் தொடர்புத்துறையினர். அதுவும் இருபது வாடிக்கையாளர்களோடு தொழில் தொடங்கிய தெருக்கோடி இளைஞர்.

ஒளியிழை வந்ததும் சிக்கல் தீர்ந்தது என்று கருதப்பட்டது. கண்ணாடி இழையில் மின்னோட்டம் தூண்டப்படுவதில்லை. நூறாண்டு இரைச்சல் வழக்கு ஒரே நாளில் முடிந்தது. ஆயின் இழையைத் தாங்கும் இரும்புக் கம்பிக்கும் உலோகக் கவசத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. தொய்ந்த வடத்தின் தாங்குகம்பி பதினொரு கிலோவோல்ட் கம்பியைத் தொட்டால், கீழே அதைக் கையால் விலக்கும் நடையருக்கு உள்ளே ஓடுவது ஒளியா ஒலியா என்பது பொருட்டன்று. உலோகமே இல்லாத, தன்னைத்தானே தாங்கும் வடங்கள் உண்டு; உயர் அழுத்தத் தடத்தின் அருகே அவற்றின் மேலுறையிலும் ஈரமும் தூசியும் படிந்து மின்பொறி கிளம்பி உறையை அரிக்கும்.

பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டம் மின்கம்பங்களிலேயே ஒளியிழையைத் தொங்கவிட வழிசெய்தது. 2023 சூனில் தொடங்கிவைக்கப்பட்ட கேரளத்தின் கே-ஃபோன் அம்மாநில மின்வாரியமே பங்காளியாக இருக்கும் நிறுவனம். அதன் வடங்கள் வாரியத்தின் கம்பங்களில் செல்கின்றன. ஒரே உடைமையாளர் இரண்டையும் கட்டும்போது எவ்வளவு உயரத்தில் எது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. வடத்தின் கணக்கும் இருக்கிறது. பிற நகரங்களில் எந்த வடம் யாருடையது, எது உயிருள்ளது, எது கைவிடப்பட்டது என்பது கம்பம் ஏறும் லைன்மேனுக்கே தெரிவதில்லை.

உயர இடைவெளி கீழிருந்தும் குறைகிறது. பழைய தார்மேல் புதிய தார் ஏற ஏறச் சாலை உயர்கிறது. கம்பி அங்கேயே நிற்கிறது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசிப் பதினொருவர் உயிரிழந்தபோது, அச்சாலை அண்மையில் உயர்த்தப்பட்டிருந்ததைச் செய்திகள் சுட்டிக்காட்டின. 2025 ஆகஸ்டில் ஹைதராபாதின் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வலத்தில் ஐவர் மின்சாரம் தாக்கி இறந்தபின், மின்பகிர்மான நிறுவனம் கம்பங்களில் தொங்கிய வடங்களை அறுக்கத் தொடங்கியது, இணையம் துண்டிக்கப்பட்டது, வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. வடத்தை அறுப்பது எளிது. வடம் ஏறும்போதே எட்டடியை அளக்க ஓர் ஆளை நியமிப்பதுதான் முப்பதாண்டுகளாக நடவாதது.

பொறுப்பு யாருடையது என்பதில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே இருந்திருக்கிறது. மத்தியப் பிரதேச மின்வாரியத்துக்கு எதிரான வழக்கில், சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியால் ஒருவர் இறந்தது குறித்து 2002இல் அளித்த தீர்ப்பில், ஆபத்தான பொருளைக் கையாள்பவருக்குக் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் கடும்பொறுப்பு உண்டு என்றது. வேறொருவர் திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் கம்பி அறுந்தது என்ற வாதம் ஏற்கப்படவில்லை. இத்தீர்ப்பு மின்வாரியத்தின் கதவை இறந்தவரின் குடும்பத்துக்குத் திறந்துவிட்டது. மின்கம்பத்தில் தொங்கும் பெயரற்ற வடத்தின் உடைமையாளருக்கு இன்னும் கதவே இல்லை.

2013 சூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அதன்பின்னும் பத்தாண்டுகளுக்குச் சட்டத்தின் பார்வையில் ஒளியிழை வடம் ‘தந்தித் தட’மாகவே இருந்தது, 2016இல் வந்த வழியுரிமை விதிகளுக்கும் தந்தி என்பதே பெயர். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க வகைசெய்தது. ஆனால் முழுவதையும் அன்று. கம்பம் நடும் உரிமையைக் கூறும் மூன்றாம் பகுதி மட்டும் ஒரு நோக்கத்துக்காகத் தொடரும் என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது: மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்கீழ் உயர் அழுத்த மின்தடங்களை அமைப்பதற்காக. தந்திக்காக இயற்றப்பட்ட சட்டத்தில் எஞ்சி நிற்பது இப்போது மின்கம்பிக்கு உரிய பகுதியே.